கணிப்பொறியில் குடிபுகுதல்



மனிதன் வாழும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. இல், மனை, அகம், வீடு என்னும் நான்கும் ஒரே கூரையைத்தான் சுட்டுகின்றன. எனினும் நான்கின் பொருளும் ஒன்றல்ல. அகம் என்றால் வீடும் ஆகும், உள்ளமும் ஆகும். வீடு என்றால் விடுதலையும் ஆகும். கவிதை எழுதுவோர் பலர் தாளையும் பேனாவையும் ஒதுக்கிவிட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதப் பழகிவிட்டனர். அந்தப் பொறி அவர்களுக்கு இல்லமாகிறதா, அல்லது வாடகைக்கு எடுத்த விடுதி அறையாகவே நின்றுவிடுகிறதா என்பது கேட்கத்தக்க வினா. கவிஞர்கள் இவ்வினாவை எழுப்புவதற்கு முன்பே பொறியாளர்களும் ஓவியர்களும் இசைவாணர்களும் எழுப்பிவிட்டனர். அவர்கள் கண்ட விடைகளுள் சில நிலைத்தன. சில, பெரும்பொருள் செலவழித்தும், ஓராண்டுகூட நிற்கவில்லை.

தொடக்கத்தில் கணிப்பொறி எவருடைய வீட்டுப் பொருளாகவும் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களிலும் வங்கிகளிலும் படைத்துறையிலும் குளிரூட்டப்பெற்ற தனி அறைகளில் அது வீற்றிருந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பதே அதனை அணுகும் முறை. 1970களின் பிற்பகுதியில்தான் தனியொருவர் விலைகொடுத்து வாங்கி மேசைமீது வைத்துக்கொள்ளத்தக்க பொறிகள் பரவலாயின. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. பொறி வீட்டுக்குள் வந்துவிட்டதே தவிர, அதன் முகம் மாறவில்லை. இருண்ட திரை; ஓர் ஆங்கில எழுத்து; அதன் அருகே துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு. என்ன செய்யவேண்டும் என்பதை அது சொல்லாது. சரியான கட்டளைச் சொல்லை நினைவிலிருந்து எடுத்துத் தட்டவேண்டும். வட்டைப் படிக்க இயலாதபோது, கைவிடுவதா, மீண்டும் முயல்வதா, தோற்பதா எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களைக் காட்டி நிற்கும். இது சோதனைச் சாவடியில் கேட்கும் கேள்வி; வீட்டு வாசலில் கேட்கும் கேள்வியன்று.

இந்த முகத்தை மாற்றும் முயற்சி அதற்குப் பல்லாண்டுகள் முன்பே வேறோர் இடத்தில் தொடங்கியிருந்தது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனம் 1970இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. அங்கு 1973இல் உருவான ஆல்டோ என்னும் பொறியில் திரை முழுவதும் புள்ளிகளால் ஆன படமாயிற்று. சுட்டெலியால் அதில் எவ்விடத்தையும் தொட முடிந்தது. 1981இல் அந்நிறுவனம் ஸ்டார் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்த பொறியின் திரையில், எழுத்துக் கட்டளைகளுக்குப் பதிலாகச் சிறு படங்கள் இருந்தன. தாள், கோப்புறை, கோப்புப் பெட்டி, வரும் கடிதத் தட்டு, செல்லும் கடிதத் தட்டு, அச்சுப்பொறி. படி எடுக்கும் எந்திரங்களை அலுவலகங்களுக்கு விற்று வளர்ந்த நிறுவனம், அலுவலக மேசையையே திரையில் வரைந்தது இயல்பே. விலை 16 ஆயிரம் டாலருக்கு மேல். ஆகவே இல்லத்தைப் போன்றதொரு பொறியைத் தேடிய பயணத்தின் முதல் நிறுத்தம், அமெரிக்க எழுத்தர் ஒருவரின் மேசையாக அமைந்துவிட்டது. இன்றுவரை உலகெங்கும் கணிப்பொறியைத் திறப்போர் அனைவரும் அந்த எழுத்தரின் நாற்காலியில்தான் அமர்கின்றனர்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி. திரைக்குள் திறக்கும் கட்டத்தை ஆங்கிலத்தில் சன்னல் என்றனர். தமிழாக்கியவர்கள் பேச்சில் வழங்கும் அச்சொல்லை விடுத்துச் சாளரம் என்னும் இலக்கியச் சொல்லை எடுத்தாண்டனர். முகப்பு என்பதும் அவ்வாறு வந்ததே. கோப்பும் கோப்புறையும் மட்டும் அலுவலகத்திலிருந்து வந்தன. மூலத்தில் மேசையாக இருந்தது தமிழுக்கு வந்தபோது பாதி வீடாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை, ஆயினும் நன்றாகவே அமைந்தது.

1984 ஜனவரி 24ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் என்னும் பொறியை வெளியிட்டது. ஒன்பது அங்குலத் திரை, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே, 128 கிலோபைட் நினைவகம். இன்று ஓர் ஒளிப்படத்திற்கே போதாத அளவு. ஆயினும் கணிப்பொறிக்கு வீட்டின் சாயல் முதன்முதலில் வந்தது இங்குதான் எனலாம். அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. 1954இல் நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் பிறந்து, கலைத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். கணிப்பொறிப் பயிற்சி எதுவும் இல்லாதவர். மெக்கின்டாஷின் மென்பொருளை எழுதியவர்களுள் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அவருடைய பள்ளிக்கால நண்பர். அந்த நட்பே அவரை அப்பணிக்கு அழைத்து வந்தது.

கேர் முதலில் செய்தது கட்டம்போட்ட கணக்குத் தாள் ஒன்று வாங்கியதுதான். குறுக்கே 32 கட்டம், நெடுக்கே 32 கட்டம், மொத்தம் 1,024. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவது அல்லது விடுவது என்னும் இரண்டே உரிமைகளைக் கொண்டு கடிகாரம், தூரிகை, குப்பைத் தொட்டி, வெடிகுண்டு ஆகியவற்றை வரைந்தார். ஊசிவேலைப்பாடும் பதிகற் சித்திரமும் பழகியவர்க்கு இது புதிதன்று என அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். மார்கழி விடியலில் வாசலில் புள்ளியிட்டுக் கோலமிடும் பெண்களுக்கும் இது புதிதன்று. எண்ணி வைத்த புள்ளிகளுக்குள்ளே ஒரு மயிலையோ தாமரையையோ கொண்டுவருவதன் அருமை அவர்களுக்குத் தெரியும். ஒரு புள்ளி கூடினால் மயில் கோழியாகிவிடும்.

பொறியை இயக்கியதும் திரையின் நடுவே ஒரு சிறு கணிப்பொறிப் படம் தோன்றும். அதன் முகத்தில் புன்னகை. எல்லாம் நலமே என்பது அதன் பொருள். அலுவலகத்தில் எவரும் அவ்வாறு வரவேற்பதில்லை. வீட்டில்தான் கதவைத் திறப்பவரின் முகம் முதலில் தெரியும். விசைப்பலகையில் ஒரு தனிவிசைக்குக் குறி தேவைப்பட்டபோது, நான்கு மூலைகளிலும் சுழியிட்ட ஒரு சதுரத்தைக் குறியீட்டு நூலொன்றில் கண்டெடுத்தார். அது காணத்தக்க இடம் அருகிலுள்ளது என்பதைக் காட்டுவதற்கு ஸ்வீடன் நாட்டுச் சாலைகளில் வைக்கும் அடையாளம். இன்றும் அவ்விசைப்பலகைகளில் அது இருக்கிறது. சிக்குக் கோலத்தின் ஒரு சுற்றைப் போலவே இருப்பது தற்செயல்.

அதனினும் சிறிய ஒன்று அம்முதற் பொறியில் இருந்தது. அதைப் பற்றி எழுதியவர் குறைவு. அமைப்புகளை மாற்றும் பலகையில், திரையின் பின்புலத்தைப் பயனாளரே வரைந்துகொள்ளலாம். எட்டுக்கு எட்டாக 64 கட்டம். ஒரு புள்ளியைத் தொட்டால் கறுக்கும், மீண்டும் தொட்டால் வெளுக்கும். அந்தச் சிறு வடிவம் திரை முழுதும் பரவும். வேறெந்தப் பயனும் இல்லாத வசதி. கணக்குப் பார்க்கவோ கடிதம் எழுதவோ அது உதவாது. எனினும் வாங்கியவன் தன் வாசலில் தானே இழைத்த கோலம் அது. பயனற்றது என்பதாலேயே அது சொந்தமாயிற்று.

மெக்கின்டாஷில் குறையும் இருந்தது. வட்டினை வெளியே எடுப்பதற்கு அதன் படத்தை இழுத்துச் சென்று குப்பைத் தொட்டியில் இடவேண்டும் என்பது விதி. எழுதியதெல்லாம் அழிந்துவிடுமோ என்று புதியவர்கள் நடுங்கினர். குப்பைத் தொட்டியைக் கண்ணெதிரே மேசைமீது வைத்ததே தமிழ்க் கண்ணுக்கு ஒவ்வாதது. இங்கெல்லாம் குப்பை கொல்லைப்புறத்திற்கு உரியது. பெட்டகத்தை அதில் போட்டால் பத்திரமாக வெளியே வரும் என்று சொன்னால் எந்த வீட்டில் நம்புவார்கள்?

ஆயினும் அப்பொறியின் மெய்யான வெற்றி படத்தில் இல்லை, இடத்தில் இருந்தது. ஒரு கோப்புறையைத் திறந்தால் அதன் சாளரம் சென்ற முறை எங்கே, எந்த அளவில் விடப்பட்டதோ அங்கேயே, அதே அளவில் திறக்கும். உள்ளே ஒரு தாளை வலப்புற மூலையில் ஒதுக்கி வைத்திருந்தால் அது அந்த மூலையிலேயே இருக்கும். ஒரு கோப்புறைக்கு ஒரே சாளரம். ஆகவே திரையில் தெரிவது பொருளின் நிழலாகத் தோன்றாமல் பொருளாகவே தோன்றிற்று. மின்சாரம் போன இரவில் விளக்கின்றிச் சமையற்கட்டுக்குள் நுழைந்து கையை நீட்டினால் தீப்பெட்டி இருக்கும் இடம் விரலுக்குத் தெரிகிறதே, அந்த அறிவு இது. 2001இல் அந்நிறுவனம் தன் இயங்குதளத்தை முற்றிலும் புதிதாக்கியபோது இந்த ஒழுங்கு தளர்ந்தது. அழகு கூடிற்று, நிழல்கள் மென்மையாயின, பொருள்கள் இடம் மாறின. பழகிய பயனாளர் பலர் அதற்காகப் பல்லாண்டு வருந்தினர். இது சிறுபிள்ளைத்தனமான வருத்தமன்று.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது, செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் எழுத்தாக்க மென்பொருளில் 1970களிலேயே இருந்த அது, 1980களில் வீட்டுப் பொறிகளுக்கு வந்து சேர்ந்தது. தவறு செய்தவனைத் தண்டியாமல் விடுவதும் வீட்டின் இலக்கணந்தான். கையெழுத்துப் படியில் அடித்தலும் திருத்தலும் தெரியும், கணிப்பொறிப் படியில் தெரியாது, எனவே கவிதை பிறந்த தடம் அழிகிறது என்னும் குறையும் நேர்மையானதே. ஆனால் அது வேறொரு சொற்பொழிவுக்கு உரியது.

இனி, வீட்டை வீடாகவே திரையில் கட்ட முயன்ற கதை. 1995 மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாப் என்னும் மென்பொருளை வெளியிட்டது. கணிப்பொறிக்கு அஞ்சுவோருக்காக உருவானது அது. மக்கள் எந்திரங்களையும் மனிதரைப்போலவே பாவித்துப் பழகுகின்றனர் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கிளிஃபோர்டு நாஸ், பைரன் ரீவ்ஸ் ஆகிய இருவர் நிகழ்த்திய ஆய்வு அதற்கு அடிப்படை. மென்பொருளைத் திறந்தால் ஒரு கதவு. அதில் தட்டுவதற்கு ஒரு வளையம். தட்டி உள்ளே சென்றால் கூடம், கணப்படுப்பு, நாற்காலி, சுவரில் கடிகாரம், மேசைமீது தாளும் எழுதுகோலும். தாளைத் தொட்டால் கடிதம் எழுதலாம். நாட்காட்டியைத் தொட்டால் நாள் குறிக்கலாம். ரோவர் என்னும் மஞ்சள்நிற நாய் ஒன்று அருகிலிருந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று எழுத்துக்குமிழிகளில் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

ஏறத்தாழ நூறு டாலர் விலை. அதனை இயக்க எட்டு மெகாபைட் நினைவகம் வேண்டியிருந்தது. அந்நாளைய வீட்டுப் பொறிகள் பலவற்றில் அவ்வளவு இல்லை. 1996 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. நினைவகம் போதாமை ஒரு காரணமாயினும், அது மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. வீட்டின் படம் வீடாகாது என்பதை அதனைக் கட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் வேறெவரோ தேர்ந்தெடுத்த நாற்காலி, வேறெவரோ வளர்த்த நாய். உறவினர் வீட்டுக்குச் சென்ற இடத்தில், தண்ணீர்க் குவளையை எடுக்க எழுந்தாலும் உடன் எழுந்து வந்து வழிகாட்டும் அன்பரைப் போன்றது அந்த உபசாரம். அன்பு குறைவில்லை, அமைதிதான் இல்லை. கடவுச்சொல்லை மூன்றுமுறை தவறாகத் தட்டினால், மறந்துவிட்டீர்கள் போலும், புதிதொன்று வைத்துக்கொள்கிறீர்களா என்று அதுவே கேட்கும். திருடனுக்கும் அதே மரியாதை. பூட்டு இருந்தும் பூட்டாத வீட்டில் எவர் நகையை வைப்பார்?

அந்த நாயிடமிருந்து உலகிற்கு ஒன்று மிஞ்சியது. ரோவர் பேசும் சொற்கள் செய்தித்தாள் எழுத்தாகிய டைம்ஸ் நியூ ரோமனில் அமைந்திருப்பதைக் கண்ட வின்சென்ட் கனேர் என்னும் எழுத்துரு வல்லுநர், நாய் இப்படிப் பேசலாகாது என எண்ணி, படக்கதை நூல்களின் கையெழுத்தைப் பின்பற்றி 1994இல் ஓர் எழுத்துருவை வரையத் தொடங்கினார். அது உரிய நேரத்தில் முடியாமல் பாப்பில் இடம்பெறாது போயிற்று. பின்னர் காமிக் சான்ஸ் என்னும் பெயரில் வெளிவந்து, வீட்டு அழைப்பிதழ்களிலும் பள்ளி அறிவிப்புகளிலும் புகுந்து, வடிவமைப்பாளர்களின் வசையையெல்லாம் பெற்றுக்கொண்டு இன்னும் வாழ்கிறது. பேசுபவரின் குரலுக்கேற்ப எழுத்தும் அமையவேண்டும் என்னும் அவருடைய எண்ணத்தில் பிழை காண்பது அரிது. வீடு இடிந்தாலும் வீட்டு நாய்க்கென்று தைத்த சட்டையை ஊரே அணிந்துகொண்டது.

அதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95 வேறு வழியில் சென்றது. படிகளையும் கூடத்தையும் வரையாமல் வாசலில் ஒரு மணியோசையை மட்டும் வைத்தது. பொறி விழிக்கும்போது ஒலிக்கும் அவ்விசையை அமைத்தவர் பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேயர். விமான நிலையங்களுக்கான இசை என்னும் பெயரில் 1978இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டு, கூர்ந்து கேட்டாலும் கேளாது விட்டாலும் அறையை நிறைக்கும் ஒருவகை இசைக்குப் பெயர் தந்தவர். அவரிடம் நிறுவனம் கேட்டது, ஊக்கம் தருவது, உணர்ச்சியுள்ளது, எதிர்காலத்தன்மை கொண்டது என அடைமொழிகளின் நீண்ட வரிசையொன்று. அத்தனையும் மூன்றேகால் நொடிக்குள் அடங்கவேண்டும். அவர் 84 சிற்றிசைகளை அமைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டது ஏறத்தாழ ஆறு நொடி நீளமுடையது. அவ்வேலை முடிந்தபின் மூன்று நிமிடப் பாடலுக்குத் திரும்பியபோது காலம் கடல்போல் விரிந்து கிடந்ததாக அவர் சொன்னதுண்டு. ஏழு சீருக்குள் ஓர் உலகத்தை அடைக்கப் பழகியோர்க்கு இந்த உணர்வை விளக்கவேண்டியதில்லை. அதனை அவர் அமைத்தது போட்டி நிறுவனத்தின் மெக்கின்டாஷில் என்பது கொசுறுச் செய்தி.

அதே திரையின் இடப்புற உச்சியில் 'என் கணிப்பொறி' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒரு படத்தின் கீழ் எழுதப்பட்டிருந்தது. கடையில் வாங்கிய பொருள் தன்னைத்தானே 'என்' என்று சொல்லிக்கொள்வது விந்தை. அந்த 'என்' யாருடைய வாய்ச்சொல்? வாங்கியவனுடையதா, விற்றவனுடையதா? தன்மையில் பேசுபவர் யார் என்னும் வினா கவிதை வாசிப்பவர்க்குப் பழக்கமானது. கணிப்பொறியில் அதற்கு விடை தேடியவர் குறைவு. 2007இல் விஸ்டா வந்தபோது 'என்' மறைந்து 'கணிப்பொறி' மட்டும் நின்றது. 2013இல் வந்த பதிப்பில் அது 'இந்தப் பொறி' எனப் பொருள்படும் தொடராயிற்று. ஒரு முன்னிடைச் சொல்லின் மாற்றத்தில் ஓர் உறவின் வரலாறே அடங்கியிருக்கிறது: என்னுடையது, ஒன்று, இது.

2001 அக்டோபர் 25ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. அதன் பின்புலத்தில் ஒரு பச்சைக் குன்று, மேலே நீல வானம், வெண்மேகம். உலகில் மிகுதியானோர் கண்ட ஒளிப்படங்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. எடுத்தவர் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுக்குப் பல்லாண்டு பணியாற்றிய சார்லஸ் ஓரியர். இடம் கலிஃபோர்னியாவின் சோனோமா மாவட்டம். காலம் 1996, மழை பெய்து ஓய்ந்த பருவம். தம் காதலியைக் காணக் காரில் சென்றுகொண்டிருந்தவர், வழியில் அக்குன்றைக் கண்டு இறங்கி எடுத்தார். கணிப்பொறியால் எதையும் மாற்றவில்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. பச்சையை ஓங்கச் செய்யும் ஃபுஜி வெல்வியா என்னும் படச்சுருளும் நடுத்தர அளவுப் படக்கருவியும் தந்த நிறமே அது.

அக்குன்று எப்போதும் அப்படி இருந்ததன்று. அது திராட்சை விளையும் நிலம். வேரை அரிக்கும் ஃபிலாக்செரா என்னும் பூச்சி அவ்வட்டாரத்தைத் தாக்கியபோது கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர். அந்த இடைவெளியில்தான் புல் முளைத்தது. பின்னர் மீண்டும் கொடி நட்டுவிட்டனர். ஒரு வேளாண் அழிவின் மறுபருவமே உலகத்தாரின் ஆறுதற் காட்சியாயிற்று. அப்படத்தில் மனிதர் இல்லை, விலங்கு இல்லை, வீடும் இல்லை. அகப்பாடலின் மொழியில் சொன்னால், நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் மட்டும் இருக்கிறது, உரிப்பொருள் இல்லை. அதனைப் பார்த்தவர் ஒவ்வொருவரும் தத்தம் உரிப்பொருளைக் கொண்டுவந்து நிரப்பினர். பாப்பின் கூடத்தில் எல்லாம் நிரம்பியிருந்தமையால் குடிபுக இடமில்லாது போயிற்று, வெறுங்குன்றில் இடமிருந்தது.

இவ்வளவும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. தமிழில் எழுதுபவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது ஒவ்வோர் அறைக் கதவிலும் வேற்றுமொழிப் பலகை தொங்கியது, அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். தம் மொழியில் ஒரு சொல்லை எழுதவும் இடமில்லை என்பதே பெருங்குறை. கனடா, மலேசியா, சிங்கப்பூர், ஸ்விட்சர்லாந்து எனப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் 1980களிலும் 1990களிலும் தனித்தனியே உழைத்து இக்குறையைப் போக்கினர். முரசு, மயிலை, பாமினி போன்ற பெயர்களை அக்காலத்தில் எழுதியோர் அறிவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் கவிதைத் தொகுப்பொன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, அதன் தமிழ்ப் பக்கங்களை ஆக்கியவர் நா. கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் காலடி வைத்த தொடக்க நாட்களிலேயே அது கவிதையாக வந்தது என்பது இவ்வவைக்கு இனிக்கும் செய்தி. அத்தொகுப்பின் ஆங்கிலத் தலைப்பில் பயணம், சொல், நாடு என்பவற்றோடு இல்லம் என்னும் சொல்லும் இருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்து அமரும். 'பக்கம்' என எழுதும் கை, இரண்டு ககரங்களுக்கிடையே புள்ளியைத் தேடி அலையவேண்டாம். இலக்கணம் விரலுக்குள் இறங்கிய வடிவம் இது. ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டுவோர் இவ்வின்பத்தை இழக்கின்றனர். எவரையும் வற்புறுத்த இயலாது. ஆயினும் தாய்மொழியில் எண்ணி, அயல்மொழி எழுத்தில் தட்டி, மீண்டும் தாய்மொழியில் காண்பது, தன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சுவரேறிச் செல்வதற்கு ஒப்பாகும்.

அக்காலத்து எழுத்துருக்களில் ஒரு தீங்கு மறைந்திருந்தது. கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒரு பைட்டில் 256 எண்கள். அவற்றுள் எந்த எண்ணில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதில் எழுத்துரு ஆக்கியோர் ஒருவர் வழியில் மற்றவர் செல்லவில்லை. சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தினர். பாமினியில் எழுதிய 'தமிழ்' என்னும் சொல்லை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். ழகரத்தின் மேல் இருந்த புள்ளி அரைப்புள்ளியாகிவிடும். கவிதை அழியவில்லை, இருக்கிறது, ஆனால் திறவுகோல் இல்லாத வீட்டுக்குள் இருக்கிறது.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 அதனைத் தாங்கி வந்தது; தன்னார்வலர் பலர் லினக்ஸின் பட்டிகளையும் தமிழாக்கினர். 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழ்நாட்டு அரசு அதனைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பின் எழுதியவை எப்பொறியிலும் தமிழாகவே திறக்கின்றன. அதற்கு முன் எழுதியவை அவ்வாறல்ல. 1990களில் கணிப்பொறியில் எழுதத் தொடங்கிய கவிஞர்களின் முதல் நூல்களும், அச்சேறாத கவிதைகளும், இதழ்களுக்கு அனுப்பிய கடிதங்களும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகளில் உறங்குகின்றன. ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்; கவிதைக்கு அது தாராளம், ஒரு வாழ்நாளின் ஆக்கமே அடங்கிவிடும். அவ்வட்டுகளின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் மங்கி வருகிறது. சோனி நிறுவனம் 2011இல் அவற்றின் விற்பனையை ஜப்பானில் நிறுத்திவிட்டது.

கணிப்பொறியின் புறத்தே இணைத்து நெகிழ்வட்டைப் படிக்கும் சிறு கருவி இன்னும் கிடைக்கிறது. வட்டில் உள்ளதை உள்ளவாறே முதலில் படியெடுத்துக்கொண்டு, அதன் பின்னரே எழுத்துருமாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொணர்தல் நன்று. மாற்றும்போது ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் இடம் பிறழக்கூடுமாதலின், ஆசிரியரே ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்கவேண்டும். ஆசிரியர் இல்லாதவிடத்து, எந்த எழுத்துருவில் எழுதினார் என்பதை அறிந்த நண்பர் ஒருவராவது வேண்டும். வட்டின் ஒட்டுத்தாளில் பெரும்பாலும் கவிதைத் தலைப்பும் தேதியும் இருக்கின்றன. எழுத்துருவின் பெயர் இருப்பதில்லை. நினைவிருக்கும்போதே அதனைப் பேனாவால் எழுதி வைத்துவிடலாம்.